பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறுகிறது: பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்த பிறகு கதிர்வீச்சா, உடனேயா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு 69 வயது. புரோஸ்டேட் புற்றுநோய்க்காக 2022இல் ரோபாட்டிக் அறுவை சிகிச்சை மூலம் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டது. கிளீசன் மதிப்பெண் (நோயின் தீவிரத்தைத் திசுவில் பார்த்துச் சொல்லும் எண்) 4+3=7 என்றும், வெட்டு விளிம்புகளிலோ எடுத்த நிணநீர்க் கணுக்களிலோ நோய் இல்லை என்றும் திசு அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அதன்பின் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் செல்கள் சுரக்கும், இரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) அளவிட முடியாத அளவுக்குக் குறைந்தது. நாங்களும் நிம்மதியாக இருந்தோம். கடந்த ஓராண்டில் அது 0.1, 0.2 என்று ஏறி, இப்போது 0.4 நானோகிராமில் நிற்கிறது. அப்பாவுக்கு வலியோ வேறு தொந்தரவோ கிடையாது.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் (கதிரியக்க மருந்தை ஏற்றி, அது போய்ச் சேரும் இடங்களைப் படமெடுப்பது) எடுத்து நோய் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே அடுத்த முடிவுக்குப் போக வேண்டும் என்கிறார். இரண்டாவது கருத்துக்காக நாங்கள் சந்தித்த கதிர்வீச்சு மருத்துவரோ, இந்த அளவில் ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் போகவே வாய்ப்பு அதிகம், தெரியாவிட்டாலும் புரோஸ்டேட் இருந்த இடத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கத்தான் வேண்டும், ஆகவே தாமதிக்க வேண்டாம் என்கிறார். இருவருமே அனுபவமுள்ளவர்கள் என்பதால் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த எலும்பு ஸ்கேனிலும் சி.டி.யிலும் தெரியாதது இதில் எப்படித் தெரியும்? ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளா? இந்த ஸ்கேனோடு தொடர்புடைய, லுட்டீஷியம் என்ற கதிரியக்க மருந்தின் ஊசியை இப்போதே போட்டுவிட்டால் நோய் அடியோடு போய்விடாதா என்று உறவினர் ஒருவர் கேட்கிறார். அதற்கும் விடை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காமாக்கதிர்

நான் அணு மருத்துவத் துறை மருத்துவர். உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் அவருக்கென்று எதையும் பரிந்துரைக்க இயலாது. இந்த ஸ்கேன் எதைக் காட்டுகிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

எலும்பு ஸ்கேன் புற்றுநோய்ச் செல்களைப் பார்ப்பதே இல்லை. நோய் எலும்பைத் தாக்கும்போது அந்த இடத்தில் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள முயல்கிறது. அந்த முயற்சியைத்தான் அது காட்டுகிறது. சி.டி. உருவத்தையும் பருமனையும் பார்க்கிறது. நிணநீர்க் கணு ஏறத்தாழ 8 முதல் 10 மி.மீ. வரை பெருத்தால்தான் ஐயம் எழும். பி.எஸ்.ஏ. 0.4 உள்ளவருக்கு இந்த இரண்டையும் எடுத்தால் பெரும்பாலும் 'எதுவும் இல்லை' என்றே அறிக்கை வரும், நோய் எங்கோ இருந்தாலும்.

பி.எஸ்.எம்.ஏ. என்பது புரோஸ்டேட் செல்களின் மேற்சவ்வில் ஊன்றி நிற்கும் ஒரு புரதம். புற்றுநோய்ச் செல்களில் அது பல மடங்கு மிகுந்திருக்கும். பி.எஸ்.ஏ. இரத்தத்தில் கலந்து ஓடுவதால் நோய் இருப்பதைச் சொல்லுமே தவிர, இருக்குமிடத்தைச் சொல்லாது. பி.எஸ்.எம்.ஏ. செல்லைவிட்டு நகராது என்பதால் இடத்தையும் சொல்லும். இந்த எண்ணம் பழையது. 1996இலேயே புரோஸ்டாசின்ட் என்ற எதிர்ப்புரத மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது போய்ப் பொருந்திய பகுதி சவ்வின் உட்புறத்தில் இருந்ததால், உயிருள்ள செல்களைவிடச் சிதைந்த செல்களையே காட்டி ஏமாற்றியது. புரதத்தின் வெளிப்புறத்தில் பொருந்தும் சிறு மூலக்கூறு ஒன்றைக் காலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமத்தோடு இணைத்து, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரக் குழுவினர் 2011 வாக்கில் நோயாளிகளிடம் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் படம் தெளிந்தது. 2020 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைகள் இரண்டுக்கும் இதற்கான அமெரிக்க அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபுளோரின்-18 இணைத்த மருந்தொன்றும் அனுமதி பெற்றது. காலியத்தின் அரை ஆயுட்காலம் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 68 நிமிடம், ஃபுளோரினுக்கு 110 நிமிடம். ஆகவே ஃபுளோரின் மருந்தைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் அனுப்ப முடிகிறது.

பழைய முறையோடு நேரடியாக ஒப்பிட்ட ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் லான்செட் இதழில் வெளியானது. பரவும் அபாயம் அதிகமுள்ள 302 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியதில், பரவலைச் சரியாகச் சொன்ன விகிதம் பி.எஸ்.எம்.ஏ. பெட்டுக்கு 92 சதவீதமாகவும், சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்ததற்கு 65 சதவீதமாகவும் இருந்தது. உடல் ஏற்ற கதிர்வீச்சும் பாதிக்கும் குறைவு: 19.2 மில்லிசீவர்ட்டுக்குப் பதில் 8.4.

ஆனால் அவர்கள் சிகிச்சையே தொடங்காதவர்கள். உங்கள் தந்தையின் நிலை வேறு. சிகிச்சைக்குப் பிறகு பி.எஸ்.ஏ. ஏறியவர்களுக்கான எண்களைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கலிபோர்னியா மருத்துவமனைகள் 635 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. 0.5க்குக் கீழே இருந்தவர்களில் 38 சதவீதம் பேருக்குத்தான் நோயிடம் தெரிந்தது. 0.5க்கும் 1க்கும் இடையில் 57 சதவீதம், 1க்கும் 2க்கும் இடையில் 84 சதவீதம், 5ஐத் தாண்டினால் 97 சதவீதம். ஆகவே இந்த அளவில் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம் என்று கதிர்வீச்சு மருத்துவர் சொன்னது சரியே. தெரியவில்லை என்பதற்கு நோய் இல்லை என்று பொருளல்ல. பெட் கருவியின் பார்வைக்கு எட்டாத அளவில் சிறிதாக இருக்கிறது என்பதே பொருள். புரோஸ்டேட் புற்றுநோய்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இந்தப் புரதத்தைப் போதிய அளவு வெளிப்படுத்துவதும் இல்லை.

எடுப்பதாக முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சையின் ஊசியோ மாத்திரையோ தொடங்குவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு பி.எஸ்.ஏ. விழுந்து, இருக்கும் சிறு நோயும் படத்தில் மறைந்துவிடலாம். காலியம் மருந்து சிறுநீர் வழியாக வெளியேறுவதால் சிறுநீர்ப்பை பளிச்சென்று ஒளிர்ந்து, அதை ஒட்டிய பழைய அறுவை இடத்திலுள்ள சிறு புள்ளியை மறைத்துவிடுவதும் உண்டு. அந்த இடத்தில் ஐயமிருந்தால் இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. துணை செய்யும்.

பொருநை

நான் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். வைகைக்கரை அவர்களே, உங்கள் இரு மருத்துவர்களும் எதிரெதிராகப் பேசவில்லை. ஒருவர் எங்கே கொடுப்பது என்று யோசிக்கிறார். மற்றவர் எப்போது கொடுப்பது என்று யோசிக்கிறார். சில வாரங்களுக்குள் ஸ்கேன் எடுக்க முடிந்தால் இரண்டு கவலைகளையும் சேர்த்தே தீர்த்துவிடலாம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். சுரப்பியை அகற்றியவுடன் எல்லாருக்கும் கதிர்வீச்சு கொடுப்பதா, பி.எஸ்.ஏ. ஏறுகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பதா என்ற நெடுநாள் விவாதத்தை, 1,396 பேர் பங்கேற்ற ரேடிகல்ஸ் ஆய்வு 2020இல் பெருமளவு தீர்த்துவைத்தது. ஏறும்வரை காத்திருந்ததால் நோய்க் கட்டுப்பாடு குறைந்துவிடவில்லை. பலர் தேவையற்ற கதிர்வீச்சிலிருந்தும் அதனால் வரும் சிறுநீர்த் தொல்லைகளிலிருந்தும் தப்பினார்கள். ஆனால் அந்த ஆய்வில் காத்திருப்பது என்றால் பி.எஸ்.ஏ. 0.1ஐத் தொட்டு ஏறத் தொடங்கியவுடன் சிகிச்சையைத் தொடங்குவது என்று பொருள். ஸ்கேனில் ஏதாவது தெரியட்டும் என்று 1 வரை, 2 வரை விட்டுப்பிடிப்பது அதன் கருத்தே அல்ல. அளவு 0.5ஐத் தாண்டத் தாண்ட இந்தக் கதிர்வீச்சினால் குணமாகும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. இப்படி விட்டுப்பிடித்து, கைக்கு எட்டிய வாய்ப்பை இழந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்தாலும் தேவையான கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்று ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். அது கதிர்வீச்சின் எல்லையை மாற்றக்கூடியது. இடுப்பு நிணநீர்க் கணு ஒன்றில் நோய் தெரிந்தால், புரோஸ்டேட் இருந்த இடத்தோடு இடுப்புக் கணுக்கள் முழுவதையும் சேர்த்து, தெரிந்த கணுவுக்கு மட்டும் கூடுதல் அளவு கொடுக்கத் திட்டமிடுவோம். தொலைவிலுள்ள எலும்பில் உறுதியாகத் தெரிந்தால், அறுவை இடத்துக்கு மட்டும் கொடுத்துப் பயன் குறைவு, திட்டமே மாறும். ஒன்றும் தெரியாவிட்டால் வழக்கமான முறையில் தொடரலாம். ஸ்போர்ட் என்ற ஆய்வின் முடிவுகள் 2022இல் வெளியாயின. அறுவை இடத்துக்கு மட்டும் கொடுத்தபோது ஐந்து ஆண்டுகளில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 70.9 சதவீதம், குறுகிய கால ஹார்மோன் சிகிச்சையையும் சேர்த்தபோது 81.3, இடுப்புக் கணுக்களுக்கும் கதிர்வீச்சைச் சேர்த்தபோது 87.4. எல்லாருக்கும் எல்லாம் வேண்டும் என்று இதைப் படிக்கக் கூடாது, பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருப்பவர்களுக்குக் கூடுதல் பயன் சிறிதாகவே இருக்கும். ஆனால் 4+3 என்ற கிளீசனும், சில மாதங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் பி.எஸ்.ஏ.யும் உள்ள ஒருவரின் விஷயத்தில் இதைக் கட்டாயம் கலந்து பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று நாம் நம்பியிருக்கும் பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் பரவல் இருக்கிறதா, இல்லையா என்பதை எலும்பு ஸ்கேனையும் சி.டி.யையும் வைத்தே பிரித்தார்கள். பி.எஸ்.எம்.ஏ.யில் மட்டும் தெரியும் ஒரு சிறு புள்ளியும், பழைய எலும்பு ஸ்கேனிலேயே கறுத்துத் தெரிந்த பரவலும் ஒரே நோய்நிலை அல்ல. 'நான்காம் கட்டம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் வாழ்நாள் முழுவதும் ஹார்மோன் என்று முடிவெடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் தெரியும் நோய்க்கு, அந்த இடங்களைக் குறிவைத்து அதிக அளவுக் கதிர்வீச்சைச் சில அமர்வுகளில் கொடுக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. 54 பேரை மட்டுமே கொண்ட ஓரியோல் என்ற சிறு ஆய்வில், ஆறு மாதத்தில் நோய் முன்னேறியவர்கள் வெறுமனே கண்காணிக்கப்பட்ட பிரிவில் 61 சதவீதமும், இப்படிச் சிகிச்சை பெற்ற பிரிவில் 19 சதவீதமும் இருந்தார்கள். ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு இது சான்றல்ல. ஹார்மோன் சிகிச்சையைத் தள்ளிப்போட உதவுகிறது என்பதற்கு நல்ல அறிகுறி.

முல்லைநிலம்

நான் மருத்துவர் அல்ல. லுட்டீஷியம் சிகிச்சை பெற்ற ஒருவரின் மகள். அதைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். என் அப்பாவின் நோய் எலும்புகளில் பரவி, ஹார்மோன் சிகிச்சையையும் மீறி, அபிராட்டெரோன் மாத்திரைக்கும் டோசிடாக்சல் கீமோவுக்கும் பிறகும் வளர்ந்த நிலையில்தான் எங்களுக்கு அது சொல்லப்பட்டது. முதலில் பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் எடுத்து, நோயிருக்கும் இடங்களெல்லாம் நன்றாக ஒளிர்கின்றனவா என்று பார்த்தார்கள். ஒளிராத நோய்க்கு இந்த மருந்து போய்ச் சேராது என்று விளக்கினார்கள்.

மருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்படும். ஏற்றுவதற்குச் சில நிமிடங்களே ஆகும். அதற்கான ஏற்பாடுதான் பெரிது. தனியறை, தனிக் கழிவறை. அதன் கழிவுநீர்கூட நேரே சாக்கடைக்குப் போகாமல் தொட்டியில் தேக்கிவைக்கப்பட்டு, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்றப்படும். வீடு திரும்பிய பிறகு சில நாட்களுக்கு அமர்ந்தே சிறுநீர் கழிக்கவும், இருமுறை தண்ணீர் ஊற்றவும், குழந்தைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருக்கவும் சொன்னார்கள். பேத்தியைத் தூக்க முடியாததுதான் அப்பாவுக்கு வலியைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

எலும்பு வலி இரண்டாவது தவணைக்குப் பிறகு நன்றாகக் குறைந்தது. வாய் வறண்டது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இந்த மருந்தை இழுத்துக்கொள்வதால் இப்படி ஆகுமாம். இட்லியோ சப்பாத்தியோ தொண்டையில் இறங்காமல், மோர் கரைத்த சோறும் கஞ்சியுமே பல வாரம் அவருக்கு உணவாக இருந்தது. இரத்த அணுக்கள் குறைந்ததால் ஒரு தவணை தள்ளிப்போயிற்று. இதைப் பெறப் போகிறவர்கள் வீட்டில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொல்கிறேன். இந்தச் சிகிச்சை அப்பாவுக்கு நல்ல காலத்தைக் கொடுத்தது. நோயை முற்றிலும் நீக்கவில்லை, நீக்கும் என்று எவரும் எங்களிடம் சொல்லவும் இல்லை.

காமாக்கதிர்

முல்லைநிலம் அவர்கள் எழுதியது மிகச் சரியானது. அதற்கான எண்களைச் சேர்க்கிறேன். காலியத்தை இணைத்த அதே வகை மூலக்கூறில் லுட்டீஷியம்-177ஐ இணைத்தால், படமெடுக்கும் மருந்து சிகிச்சை மருந்தாகிறது. அதிலிருந்து வரும் பீட்டா துகள்கள் திசுவில் அதிகபட்சம் 2 மி.மீ. வரைதான் பாயும், கூடவே வரும் சிறிதளவு காமா கதிர், மருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் படமெடுத்துப் பார்க்கவும் உதவுகிறது. அரை ஆயுட்காலம் 6.6 நாள். நம் நாட்டில் மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையிலேயே இது தயாரிக்கப்படுவதால், மேலை நாடுகளில் வணிக மருந்தாக அனுமதி பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்திய மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது.

விஷன் என்ற ஆய்வில் 831 பேர் பங்கேற்றனர். எல்லாருமே புதிய ஹார்மோன் மாத்திரையும் கீமோவும் பெற்று, அவற்றையும் மீறி நோய் வளர்ந்தவர்கள். வழக்கமான சிகிச்சையோடு லுட்டீஷியம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15.3 மாதம், பெறாதவர்களுடையது 11.3 மாதம். பெற்றவர்களில் ஏறத்தாழ 39 சதவீதம் பேருக்கு வாய் வறண்டது. இதை வைத்து 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 2025 மார்ச்சில் கீமோவைத் தள்ளிப்போடத்தக்க நோயாளிகளுக்கும் அனுமதியை விரித்தது. ஆஸ்திரேலியாவின் 200 பேர் ஆய்வில் கபாசிடாக்சல் கீமோவோடு ஒப்பிட்டபோது, பி.எஸ்.ஏ. பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் கீமோ பிரிவில் 37 சதவீதம், லுட்டீஷியம் பிரிவில் 66 சதவீதம். ஆயினும் ஆயுளில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. பீட்டாவுக்குப் பதில் ஆல்ஃபா துகள்களை உமிழும் ஆக்டினியம்-225ஐ இணைத்து ஹைடல்பெர்கில் தொடங்கிய முயற்சி புது தில்லி எய்ம்ஸிலும் தொடர்கிறது. அதன் பாய்ச்சல் தூரம் பத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவு, தாக்கும் வலிமை மிக அதிகம், வாய் வறட்சியும் கடுமையானது.

உங்கள் உறவினரின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. இந்தப் பயன்களெல்லாம் பரவி, ஹார்மோனுக்குக் கட்டுப்படாத நோயில் காணப்பட்டவை. இடத்தை நோக்கிக் கொடுக்கும் கதிர்வீச்சினால் குணமாகும் வாய்ப்பு இன்னும் இருக்கும் ஒருவருக்கு அதை விட்டுவிட்டு லுட்டீஷியத்துக்குப் போவது நல்ல மாற்று ஆகாது.

வைகைக்கரை

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு என் குடும்பத்தின் சார்பில் நன்றி. ஹார்மோன் தொடங்கும் முன்பே ஸ்கேன் எடுத்துவிட்டோம். ஃபுளோரின்-18 இணைத்த பி.எஸ்.எம்.ஏ.-1007 என்ற மருந்தைப் பயன்படுத்தியதாக அறிக்கை சொல்கிறது. வலப்பக்க இடுப்பில் 5 மி.மீ. நிணநீர்க் கணு ஒன்று தெளிவாக ஒளிர்கிறதாம். அதோடு, இடப்பக்கம் ஆறாவது விலா எலும்பில் மங்கலான ஏற்பு (மருந்து சேர்ந்ததால் தெரியும் ஒளிர்வு), சி.டி.யில் மாற்றம் எதுவும் இல்லை, நோய்ப் பரவலைத் தவிர்க்க இயலாது என்றும் எழுதியிருக்கிறார்கள். எலும்புக்குப் பரவிவிட்டது என்று எண்ணி அம்மா சாப்பிடக்கூட மறுக்கிறார்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எனக்கு 44 வயது, தம்பிக்கு 40. நாங்கள் எப்போது, என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்? குடும்பத்தில் வேறு எவருக்கும் புரோஸ்டேட் நோய் இல்லை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, ஐம்பது வயதுக்குள் கருப்பைக்கு அருகில் வந்த கட்டியால் காலமானார்.

காமாக்கதிர்

முதலில் உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். ஃபுளோரின் பி.எஸ்.எம்.ஏ.-1007இல், குறிப்பாக விலா எலும்புகளில், நோயே இல்லாமல் மங்கலான ஏற்பு தெரிவது நாங்கள் அடிக்கடி காணும் ஒன்று. சிறுநீர்ப்பை ஒளிர்ந்து மறைக்காமல் இடுப்பைத் தெளிவாகக் காட்டுவது இந்த மருந்தின் பலம். எலும்பில் இப்படி ஐயத்தைக் கிளப்புவது அதன் பலவீனம். தனித்த ஒரு விலா எலும்பு, மங்கலான ஏற்பு, சி.டி.யில் மாற்றமின்மை, 0.4 மட்டுமே உள்ள பி.எஸ்.ஏ. ஆகிய நான்கும் சேர்ந்திருக்கும்போது அது பரவலாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அறிக்கை எழுதுபவர் எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதியிருப்பார். சி.டி. படத்தை விலா எலும்புக்கென்று நுணுகி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தேவையானால் அந்த இடத்துக்கு மட்டும் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். பல்துறை மருத்துவர்கள் சேர்ந்து பேசும் கூட்டத்தில் இதை வைக்கக் கேளுங்கள். கணுவைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் குறைவு, 5 மி.மீ. கணுவைச் சி.டி. மட்டும் எடுத்திருந்தால் இயல்பானது என்றே எழுதியிருப்பார்கள்.

பொருநை

அந்தக் கணுவினால் நான் மேலே எழுதிய எல்லை மாறுகிறது. இடுப்புக் கணுக்களையும் சேர்த்துத் திட்டமிடுவது, ஹார்மோன் எவ்வளவு காலம் என்பது ஆகிய இரண்டையும் உங்கள் கதிர்வீச்சு மருத்துவரிடம் ஸ்கேன் படங்களோடு சென்று பேசுங்கள். அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது. படங்கள் அடங்கிய குறுந்தகடு வேண்டும், அதை வைத்துத்தான் கணுவைக் குறிக்க முடியும். விலா எலும்பு பற்றிய ஐயம் தீரும்வரை சிகிச்சையை மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

கல்லணை

நான் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர். உங்கள் இரண்டாவது கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அத்தையின் செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கருப்பைக்கு அருகில் வந்த கட்டி என்று வீடுகளில் சொல்வது பல சமயம் சினைப்பைப் புற்றுநோயாக இருக்கும். அப்படியிருந்தால், அண்ணனுக்குப் புரோஸ்டேட், தங்கைக்குச் சினைப்பை என்ற இந்த வரிசை பி.ஆர்.சி.ஏ. என்ற, இத்தகைய புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் பரம்பரை மரபணு மாற்றத்தைச் சந்தேகிக்கப் போதுமான காரணம். இரத்தமோ உமிழ்நீரோ கொடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனையை, நோயுள்ளவரான உங்கள் தந்தைக்கே முதலில் செய்ய வேண்டும். அவரிடம் மாற்றம் இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. அவருடைய இப்போதைய கதிர்வீச்சுத் திட்டம் அதனால் மாறாது. ஆனால் எதிர்காலத்தில் நோய் பரவி ஹார்மோனை மீறினால், இத்தகைய மாற்றமுள்ளவர்களுக்குப் பயன்படுவதாக 2020இல் நிறுவப்பட்ட ஒலாபரிப் போன்ற மாத்திரைகளுக்கு வழி திறக்கும்.

ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி, அந்த மரபணுக்களில் ஒன்றான பி.ஆர்.சி.ஏ.2இல் மாற்றம் உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்தும், குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கு 45 வயதிலிருந்தும் பி.எஸ்.ஏ. பார்க்கலாம். ஆகவே தந்தையின் முடிவைப் பொறுத்துத் தம்பிக்குமே இப்போதே தேவைப்படலாம். முடி உதிர்வுக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அது பி.எஸ்.ஏ.யைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், கேட்காமல் விட்டால் உண்மையான அளவு மறைந்துபோகும்.

பி.எஸ்.ஏ. கூடியிருந்தால் உடனே ஊசி போட்டுத் திசு எடுப்பார்களே என்று அஞ்ச வேண்டாம். உங்கள் தந்தையின் தலைமுறைக்கு இல்லாத வசதி இதில்தான் வந்திருக்கிறது. முன்பெல்லாம் எங்கே நோய் என்று தெரியாமலேயே, அல்ட்ராசவுண்டின் துணையோடு சுரப்பியின் பல இடங்களில் ஊசியைச் செலுத்தித் திசு எடுத்தோம். பிரிட்டனில் 576 பேரிடம் நடந்து 2017இல் வெளியான புராமிஸ் ஆய்வில், அந்த முறை கவனிக்கத்தக்க புற்றுநோய்களில் 48 சதவீதத்தையே பிடித்தது, எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைக் காட்டியது. நோயுள்ள இடத்தில் செல்கள் நெருங்கி அடைந்திருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகளின் அசைவு தடைப்படுகிறது; எம்.ஆர்.ஐ. அதைப் பிரித்தறிகிறது. அடுத்த ஆண்டு 500 பேரிடம் நடந்த பிரிசிஷன் ஆய்வில், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து ஐயமான இடத்தில் மட்டும் திசு எடுத்தபோது, முக்கியமான நோய் 26க்குப் பதில் 38 சதவீதம் பேரிடம் கண்டறியப்பட்டது. 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. 2025இல் வெளியான பிரைம் ஆய்வின்படி, படத்தின் தரம் நன்றாக இருந்தால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாமல் எடுக்கும் குறுகிய எம்.ஆர்.ஐ.யே போதும். நேரமும் செலவும் குறைவதால், நம் மாவட்டத் தலைநகரங்களுக்கு இந்த முடிவு மிகவும் பயன்படக்கூடியது என்று கருதுகிறேன். திசு எடுப்பதையும் மலக்குடல் வழியாக அல்லாமல் விதைப்பைக்குப் பின்னுள்ள தோல் வழியாகச் செய்யும்போது கிருமித்தொற்று குறைகிறது.

நோய் இருப்பதாகத் தெரிந்தாலும் உடனே சுரப்பியை அகற்ற வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு 1,643 பேரைப் பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு ஆகிய மூன்றில் எதைப் பெற்றிருந்தாலும், அந்நோயால் இறந்தவர்கள் மொத்தத்தில் 2.7 சதவீதம் மட்டுமே. பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ளவர்களின் நோய் இதைவிட வேகமாகச் செல்லக்கூடும் என்பதால் அவர்களை மட்டும் தனியாக எடைபோட வேண்டும்.

மரபணு ஆலோசனைக்குப் போகும்போது அப்பாவின் திசு அறிக்கையையும், கிடைக்குமானால் அத்தையின் பழைய மருத்துவமனைத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். அத்தைக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் செய்தி போகட்டும். நீங்கள் உங்களையும் தம்பியையும் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். உடன்பிறந்த சகோதரிகள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். இந்த மாற்றம் தந்தை வழியாக மகள்களுக்கும் அதே அளவு வரும். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களுக்கான அவர்களுடைய பரிசோதனைகள் உங்களுடையதைவிட முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கும்.